கணக்கில் பிழை கண்டால் யாரிடம் சொல்வது?

(திருவண்ணாமலையில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டர் விஷயமாகப் பேச வேண்டும் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். நான் மழையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி இந்த ஊரில் நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. ஏறியதும் போய்விடவில்லை, நின்று கொட்டித் தீர்த்தது. மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடின. ஏழு உயிர்கள் போயின. அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மறுநாள் விடிவதற்கு முன்னால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்குச் சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடித் தண்ணீர் வெளியேறியது. தென்பெண்ணைக் கரையில் இங்கிருந்து விழுப்புரம், கடலூர் வரை ஊர்கள் மூழ்கின. எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்ததா இல்லையா என்று சட்டசபை வரைக்கும் வாக்குவாதம் நடந்தது.

அந்த வாக்குவாதத்திற்குள் இன்று நான் போகவில்லை. அதற்கு அடியில் இருக்கிற ஒரு விஷயத்தைக் கேட்கிறேன். இவ்வளவு மழை பெய்தது, இவ்வளவு தண்ணீர் வந்தது, நூறு வருஷத்தில் இப்படி எத்தனை தடவை வந்திருக்கிறது என்று யார் கணக்குப் போடுகிறார்கள்? எதைக் கொண்டு போடுகிறார்கள்? அந்தக் கணக்கில் பிழை இருந்தால் அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கும் எனக்கும் உண்டா?

உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்திய வானிலை இலாகா நாடு முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நாளும் பெய்த மழையை ஒரு தொகுப்பாக வெளியிடுகிறது. கால் டிகிரிக்கு ஒரு கட்டம். நம் பக்கத்து நில அளவில் சொன்னால் பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 135 கட்டம், தெற்கு வடக்காக 129 கட்டம். ஆக மொத்தம் 17,415. இதில் பாதிக்கு மேல் கடலும் அயல்நாடும்தான். அங்கே மழை எண்ணுக்குப் பதிலாக 'விவரம் இல்லை' என்பதற்கு அடையாளமாக -999 என்று போட்டிருக்கும். 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு தயாரித்த தொகுப்பு இது. எல்லா வருஷமும் எல்லா நிலையமும் வேலை செய்ததாக எண்ணிவிடாதீர்கள். 1901ஆம் வருஷத்திலிருந்து இந்தத் தொகுப்பு இருக்கிறது. 2024 முடிய 124 வருஷம், 45,291 நாள். பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 79 கோடி எண்கள். இதை யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

நம்முடைய மலையும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் அந்த 17,415 கட்டங்களில் ஒரே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் எந்தச் சரிவு எப்போது சரியும் என்பதை இந்தத் தொகுப்பு ஒருநாளும் சொல்லாது. சொல்லும் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் நம்பாதீர்கள். ஆனால் வருஷா வருஷம் கனமழை கூடுகிறதா, அணையின் நீர்ப்பிடிப்பில் மூன்று நாளில் எவ்வளவு விழுந்தது என்பது போன்ற கேள்விகளுக்கு இதுதான் ஆதாரம்.

79 கோடி எண்களைத் தாளில் கூட்ட முடியாது. இங்கேதான் நம்முடைய விஷயம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் 'அணிகள்' என்று ஒரு பாடம் படித்திருப்பீர்கள்: எண்களை வரிசையிலும் நிரையிலும் அடுக்கி வைத்து மொத்தமாகக் கூட்டுவது, பெருக்குவது. அந்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்வதற்குப் பைத்தான் மொழிக்கென்று எழுதிய நிரல் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் நம்பை. நிரலாளர்கள் இப்படிப்பட்ட தொகுப்பை 'நூலகம்' என்பார்கள். புத்தகசாலை அல்ல, கருவிகள் அடுக்கிய பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பையின் கதை சுவாரசியமானது. 1995இல் ஜிம் ஹியூகுனின் என்ற அமெரிக்க மாணவர் நியூமெரிக் என்றொரு தொகுப்பை எழுதினார். பிற்பாடு ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களைக் கையாள வேண்டியிருந்த விஞ்ஞானிகள் நம்அரே என்று இன்னொன்றை எழுதினார்கள். உபயோகிப்பவர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்தார்கள். இதற்கு எழுதியது அதில் ஓடாது, அதற்கு எழுதியது இதில் ஓடாது. பிரிந்தவர்களை ஒன்று சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இந்தச் சபைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிராவிஸ் ஆலிஃபன்ட் என்ற கல்லூரி ஆசிரியர் 2005இல் அந்த வேலையில் இறங்கினார். 2006இல் நம்பையின் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. 2019இல் எம்87 மண்டலத்தின் கருந்துளையைப் படமாக்கினார்களே, அந்தக் கணக்குகளிலும் நம்பை இருந்தது.

இதற்கு மேல் ஒரு மாடி கட்டியது போல எக்ஸ்அரே என்று இன்னொன்று. நம்பையில் எண்கள் பெயரில்லாமல் கிடக்கும்: மூன்றாவது அடுக்கு, நாற்பதாவது வரிசை, பத்தாவது இடம் என்றுதான் கேட்க வேண்டும். எது அட்சரேகை, எது தீர்க்கரேகை, எது தேதி என்று நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிக் கேட்டுவிட்டால் ஜவ்வாது மலையின் மழைக்குப் பதில் வேறெங்கோ பெய்த மழை கிடைக்கும். எக்ஸ்அரே ஒவ்வொரு பக்கத்துக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டிவிடுகிறது. 'இந்த அட்சரேகை, இந்தத் தீர்க்கரேகை, இந்தத் தேதி' என்று கேட்டால் அந்த எண் வரும். வானிலை இலாகாவின் கோப்புகளைப் படித்து எக்ஸ்அரேயிடம் ஒப்படைக்க, ஐஎம்டிலிப் என்றொரு சிறு தொகுப்பை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதுவும் திறந்ததுதான்.

எக்ஸ்அரேயின் பிறப்பிடத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அமெரிக்காவில் கிளைமேட் கார்ப்பரேஷன் என்று ஒரு கம்பெனி. விவசாயிகளுக்கு மழைக் காப்பீடு விற்றது. 2013இல் அதை வாங்கியது மான்சான்டோ. ஆம், நம் பருத்தி விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த அதே மான்சான்டோதான். அங்கே வேலை பார்த்த ஸ்டீஃபன் ஹோயர் முதலிய மூன்று பேர் தங்கள் உபயோகத்துக்காக எழுதியதை 2014 மே மாதம் பொதுவில் வைத்தார்கள். 2016 ஜனவரியில் எக்ஸ்அரே என்று பெயர் மாறியது. கம்பெனியின் சொத்தாகத் தொடங்கிய கருவி இன்று யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்ற நிலையில் இருக்கிறது. இது எப்போதும் நடப்பதில்லை. நடந்த இடத்தில் அதை நாம் உபயோகப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பிழைக்கு வருவோம்.

சாத்தனூர் அணையின் கொள்ளளவு 7.32 டி.எம்.சி., அதாவது 732 கோடி கன அடி. வினாடிக்கு 1,68,000 கன அடி என்ற வேகம் ஒரு முழு நாள் நீடித்தால் எவ்வளவு தண்ணீர் என்று பேச்சுக்காகக் கணக்குப் போடுவோம். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 1,451 கோடியே 52 லட்சம் கன அடி வருகிறது. அணை கொள்ளும் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதே பெருக்கலை 2024 ஜூனுக்கு முந்திய நம்பையில், விண்டோஸ் கம்ப்யூட்டரில், சாதாரணமாக முழு எண்களை அடுக்கிப் போட்டுப் பாருங்கள். 163 கோடியே 2 லட்சத்து 98 ஆயிரத்து 112 என்று விடை வரும். எச்சரிக்கை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. ஒன்பதில் ஒரு பங்கு தண்ணீர்தான்!

ஏன் இப்படி? சைக்கிளில் மாட்டும் தூரமானியைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து இலக்கம் இருந்தால் 99,999க்குப் பிறகு 00000. சைக்கிள் பின்னோக்கிப் போகவில்லை. எண் வைக்க இடம் போதவில்லை. அதேபோல விண்டோஸில் நம்பை ஒரு முழு எண்ணுக்கு 32 துகள் இடம்தான் கொடுத்து வந்தது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதைத் தாண்டினால் சக்கரம் சுற்றிவிடும். லினக்ஸ் கம்ப்யூட்டரில் 64 துகள். ஆகவே அதே நிரல், அதே எண்கள். ஒரு மேஜையில் 1,451 கோடி, பக்கத்து மேஜையில் 163 கோடி.

விடை 'மைனஸ்' என்று வந்திருந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 163 கோடி நம்பும்படியாக இருக்கிறதே, அதுதான் ஆபத்து. அணை கொள்ளும் அளவுக்குள் அடங்கிய தண்ணீர்தானே என்று அந்த எண்ணை நம்பி ஓர் அதிகாரி தூங்கப் போகலாம்.

இதை உலகின் பல மூலைகளிலிருந்து பலரும் வருஷக்கணக்காகச் சுட்டிக் காட்டினார்கள். மாற்றினால் பழைய நிரல்கள் உடையுமே என்ற கவலையும் நியாயமானதுதான். கடைசியில் 2024 ஜூனில் வந்த நம்பை 2.0 பதிப்பில், 64 துகள் கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்கும் 64 துகள் என்று மாற்றினார்கள். பழைய பதிப்பு இன்னமும் ஓடும் ஆபீசுகள் இல்லாமலா இருக்கும்?

இன்னொரு உதாரணம். வானிலை இலாகாவின் வெப்பநிலைக் கோப்பில் விவரம் இல்லாத இடத்துக்கு 99.9 என்று போடுகிறார்கள். முப்பது நாளில் 29 நாள் 34 டிகிரி, ஒரு நாள் விவரம் இல்லை. அந்த 99.9ஐ விலக்காமல் சராசரி எடுத்தால் 36.2 வரும். இரண்டு டிகிரி வெப்பம், இல்லாத ஒரு நாளிலிருந்து! 'சரி, 99.9க்குச் சமமானதை நீக்கு' என்று எழுதினால் போதாதா? சில சமயம் போதாது. 99.9 என்ற எண்ணை இரும எண் முறையில் துல்லியமாக எழுத முடியாது. 32 துகளில் அது 99.9000015 என்று உட்காருகிறது. 'சமமா?' என்று 64 துகள் எண்ணோடு ஒப்பிட்டால் 'இல்லை' என்று பதில் வரும். நீக்கியதாக நீங்கள் நினைத்தது நீங்காமல் இருக்கும். இது நம்பையின் குற்றம் அல்ல. ஆனால் கோப்பைப் படிக்கும் தொகுப்பு இதை நமக்காகக் கவனிக்க வேண்டும், குறைந்தபட்சம் விளக்கக் குறிப்பிலாவது சொல்ல வேண்டும். கவனிக்கவில்லை என்றால் அது பிழை அறிவிப்புக்கு உரிய விஷயம்.

இப்படிப்பட்ட பிழைகளைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர்தான் வேண்டும் என்பதில்லை. 2019இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவர், 2014இல் பிரசுரமான ரசாயனக் கணக்கு நிரல் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். வெவ்வேறு கம்ப்யூட்டரில் வெவ்வேறு விடை வந்தது. காரணம் என்ன தெரியுமா? கோப்புகளைப் பெயர் வரிசைப்படி எடுக்கும் என்று நிரலை எழுதியவர்கள் எண்ணியிருந்தார்கள். எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படி எடுப்பதில்லை. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை இது பாதித்திருக்கலாம் என்று சொன்னார்கள். நிரலின் மூலத்தைத் திறந்து வைத்திருந்ததால்தான் அந்த மாணவரால் காரணத்தைப் பிடிக்க முடிந்தது.

பிழையைக் கண்டீர்கள். எப்படிச் சொல்வது? 'உங்கள் நிரல் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. ரேஷன் கடை விஷயமாகத் தாசில்தாருக்கு மனு எழுதிய அனுபவம் இங்கே பலருக்கு உண்டு. 'ரேஷன் சரியில்லை' என்று எழுதினால் குப்பைக் கூடைக்குப் போகும். எந்தக் கடை, எந்தத் தேதி, எத்தனை கிலோ வர வேண்டும், எத்தனை கிலோ வந்தது என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். இதுவும் அதே ரகம்தான். நான் இதைப் பெருக்கினேன். 1,451 கோடி எதிர்பார்த்தேன். 163 கோடி வந்தது. என்னுடைய கம்ப்யூட்டர் இன்னது, நம்பையின் பதிப்பு எண் இன்னது. இவ்வளவுதான். எக்ஸ்அரேயில் பதிப்பு விவரங்களை எல்லாம் ஒரே கட்டளையில் அச்சிட்டுத் தரும் வசதியே இருக்கிறது.

இதில் முக்கியமானது உதாரணத்தைச் சுருக்குவது. 79 கோடி எண்களையும் அனுப்பி 'இதில் எங்கோ தப்பு' என்று சொல்லக் கூடாது. பாதியை வெட்டிப் பாருங்கள், பிழை இருக்கிறதா? இருந்தால் இன்னும் பாதியை வெட்டுங்கள். கடைசியில் இரண்டு எண்ணும் ஒரு பெருக்கலும் மிஞ்சும். ஆரணியில் பட்டு நெய்கிறவர் சேலையில் கோடு விழுந்தால் தறியையே பிரிப்பதில்லை. எந்த இழை என்று விரலால் தடவிப் பிடிக்கிறார். இப்படிச் சுருக்கும்போதே பாதிச் சமயம் பிழை நம்முடையது என்று தெரிந்துவிடும். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. அனுப்புவதற்கு முன் அதே பிழையை வேறொருவர் சொல்லியிருக்கிறாரா என்றும் தேடுங்கள். சொல்லியிருந்தால் புதிதாக எழுதாமல், உங்களுக்குக் கிடைத்த விவரத்தை அங்கேயே சேருங்கள்.

சமீபகாலமாக இன்னொரு தொல்லை. செயற்கை அறிவு யந்திரத்திடம் சொல்லி எழுதி வாங்கிய அறிவிப்புகளைச் சிலர் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஓட்டிப் பார்த்தால் அப்படி ஒரு பிழையே இராது. படிக்கிறவரின் ஞாயிற்றுக்கிழமை பாழாவதுதான் மிச்சம். நீங்கள் உங்கள் கையால் ஓட்டிப் பார்க்காத எதையும் அனுப்பாதீர்கள்.

அறிவிப்பதோடு நிற்க வேண்டியதும் இல்லை. திருத்தத்தையும் நீங்களே எழுதலாம். மூலநிரலைப் பிரதி எடுத்து, தனிக் கிளையில் மாற்றி, 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கோரிக்கை வைப்பது முறை. கூடவே ஒரு சோதனையும் எழுதித் தர வேண்டும்: பிழை இருந்தால் தோற்கும், திருத்தினால் ஜெயிக்கும் ஒரு குட்டி நிரல். அந்தச் சோதனை தொகுப்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும். நாளைக்கு வேறு யாரோ வேறு எதையோ மாற்றும்போது பழைய பிழை திரும்பி வந்தால் அது கூச்சல் போடும். திருத்தத்தைவிட அந்தச் சோதனைதான் பெரிய கொடை என்பது என் அபிப்பிராயம்.

பிறகு முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் எழுத்தை வரிவரியாகப் படித்து, இங்கே மாற்று, அங்கே விளக்கு என்பார். முதல் தடவை கோபம் வரும். உழைத்ததைக் குறை சொல்கிறாரே என்று தோன்றும். ஆனால் அவரும் தன் பெயரைப் போட்டுப் பகிரங்கமாகத்தான் சொல்கிறார். நீங்களும் பகிரங்கமாகவே மறுக்கலாம். வாதம் முழுவதும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி பதிவாகிறது. பெரிய உத்தியோகஸ்தர் என்பதற்காக அங்கே ஒரு பெருக்கலின் விடை மாறாது.

'எனக்கு ஆங்கிலம் சரியாக வராதே' என்று ஒரு மாணவி கூட்டம் ஆரம்பிக்குமுன் கேட்டார். நியாயமான கஷ்டம்தான், லேசாக ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் மேலே சொன்ன நாலு வரிக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்? எண்களுக்கும் நிரலுக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. தமிழில் படிக்க 2012 முதல் 'கணியம்' வெளியீடுகள் இருக்கின்றன. பக்கத்தில் விழுப்புரத்தில் லினக்ஸ் உபயோகிப்போர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கற்றுக் கொடுக்கிறது. நம்பை, எக்ஸ்அரே விளக்கக் குறிப்புகளில் எழுத்துப் பிழையைத் திருத்துவதும், புரியாத வாக்கியத்தைப் 'புரியவில்லை' என்று சொல்வதும்கூட அங்கே வேலையாகவே மதிக்கப்படுகிறது. புதிதாகப் படிக்கிறவருக்குத்தான் எது புரியவில்லை என்று தெரியும். பத்து வருஷம் பழகியவருக்கு அது மறந்து போயிருக்கும்.

இன்னொரு கேள்வியை ஒரு தோழர் கொஞ்சம் காரமாகவே கேட்டார். 'கூலியில்லாமல் நாம் உழைக்க, லாபம் கோடீஸ்வரக் கம்பெனிகளுக்கா?' என்று.

இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நம்பையைப் பெரும் பெரும் கம்பெனிகள் எல்லாம் உபயோகிக்கின்றன. அப்படியிருந்தும், இந்த வேலைக்கென்றே அதற்கு முதன்முதலாக மானியம் கிடைத்தது 2017இல்தான். ஓர் அறக்கட்டளை கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வழியாக ஏறத்தாழ 6 லட்சத்து 45 ஆயிரம் டாலர் கொடுத்தது. அதற்கு முன் பத்து வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் ராத்திரியிலும் விடுமுறையிலும் செய்த வேலை. முடியாமல் விலகிப் போனவர்களும் உண்டு. யாரால் ராத்திரியில் உட்கார முடிகிறது என்பதையும் கவனியுங்கள். வீட்டு வேலையும் பிள்ளையும் தலையில் இருக்கும் பெண்ணுக்கு அந்த ராத்திரி கிடைப்பதில்லை. 2020இல் நேச்சர் பத்திரிகையில் நம்பை பற்றிய கட்டுரை வந்ததும் இந்த விமர்சனம் பலமாக எழுந்தது. குழுவே அதைப் பற்றி அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று.

ஆக, கேள்வி சரியான கேள்வி. ஆனால் அதன் விடை 'நாம் ஒதுங்கியிருப்போம்' என்பதல்ல. நாம் ஒதுங்கினால் கம்பெனிக்குத் தனியாகக் கருவி செய்துகொள்ளப் பணம் இருக்கிறது. சாத்தனூருக்குக் கீழே குடியிருப்பவருக்கு இல்லை. ஏரிக்குக் குடிமராமத்து செய்தபோது பெரிய பண்ணைக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் பாய்ந்தது. அதற்காக மதகு உடைந்து கிடக்கட்டும் என்று யாரும் விட்டுவிடவில்லை. மராமத்துக்குச் செலவைப் பண்ணையார் கொடுக்கட்டும் என்று கேட்பது வேறு, மதகைக் கவனிக்காமல் இருப்பது வேறு. உபயோகிக்கும் கம்பெனிகள் பணம் கொடுக்க வேண்டும். சர்க்கார் கல்லூரிகளில் இந்த வேலையைப் படிப்பின் பகுதியாக ஏற்று, செய்கிறவருக்கு உதவித்தொகை தர வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸ்ஸி திட்டம் மத்திய சர்க்கார் பணத்தில்தான் நடக்கிறது. மாவட்டக் கலைக் கல்லூரிகளுக்கும் அது வர வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

நேரமாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே இடத்தில் கூடுகிறோம். மூன்று கம்ப்யூட்டர்களுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒன்றில் விண்டோஸ், இரண்டில் லினக்ஸ். முதலில் நம்பையின் பதிப்பு எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வோம். பிறகு நம் கட்டத்தை எடுத்து, 2024 டிசம்பர் 1, 2 தேதிகளுக்குத் தொகுப்பில் என்ன எண் இருக்கிறது என்று படிப்போம். அந்த நாட்களில் இங்குள்ள மழைமானிகள் காட்டிய அளவை யாராவது பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்தால் கொண்டு வாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இலாகாவின் கணக்கில் ஒரு தேதி என்றால் முந்திய நாள் காலை எட்டரை மணியிலிருந்து அன்று காலை எட்டரை மணி வரை பெய்த மழை. அதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால், இல்லாத பிழையைக் கண்டுபிடித்துவிடுவோம்.